குழிவிரியன் கடிக்குப் பெங்களூரில் பெற்ற சிகிச்சை

குடகில் காபித் தோட்டத்தில் என் மைத்துனரைக் குழிவிரியன் கடித்ததும், அங்கிருந்த சிறு மருத்துவமனையில் காலை இறுகக் கட்டிவிட்டார்கள். இரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை மேலும் கெடும் என்பதால், அது செய்யவே கூடாத காரியம். பெங்களூரில் நாங்கள் சேர்த்த மருத்துவமனையில் அந்தக் கட்டை நிதானமாக அவிழ்த்தார்கள். பிறகு இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்தபோது, அது உறையாமல் தண்ணீராக ஓடியதை நானே பார்த்தேன். கணுக்கால் வீங்கி, இரத்தம் கோத்த கொப்புளங்கள் எழுந்திருந்தன.

மைத்துனர் எடுத்திருந்த படத்தைப் பார்த்த மருத்துவர், இது மூக்கு மேடிட்ட குழிவிரியன் என்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகவே நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது என்றும், இதன் நஞ்சை அது முறிக்காது என்றும் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். ஆகவே அதை வீணாக ஏற்றாமல், இந்தக் கடியில் சிறுநீரகம் பழுதாகக்கூடும் என்பதால் சிறுநீரின் அளவையும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் நாள்தோறும் கவனித்தார்கள். முன்பணம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால், இரவுப் பணிச் செவிலியர் வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்துவைத்த அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.