ரிசர்வ் சைட்டை வீட்டுமனை என்று விற்கிறார்கள்: கோவைப் பக்கம் இடம் வாங்குவோர் கவனத்திற்கு

கோவைக்கு வடக்கே, 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதி ஒன்றில் ஆறு சென்ட் மனை வாங்கினோம். கிரையம் முடிந்து, கம்பி வேலியும் போட்ட பிறகுதான் அது பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்று தெரிந்தது. என் கணவர் பம்ப் கம்பெனியில் உழைத்து வாங்கிய பணிக்கொடையும், அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் என் பங்குக்கு வந்த பணமும் அந்த மண்ணில் கிடக்கின்றன. வழக்கு நடப்பதால் விற்றவர் யார் என்று எழுதவில்லை. எப்படி விற்றார் என்பதை எழுதுகிறேன். கோவையில் பழைய மனைப்பிரிவுகள் எத்தனையோ இருக்கின்றன; அவற்றில் ரிசர்வ் சைட், அதாவது பொதுவுக்கு ஒதுக்கிய இடம், இல்லாதது அரிது.

எங்களிடம் காட்டிய காகிதங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அசல். விற்றவரின் தகப்பனார், அதாவது மனைப்பிரிவு போட்டவர், காட்டை வாங்கிய மூலப்பத்திரம், அவர் பெயரில் பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, அவர் இறந்த பிறகு எடுத்த வாரிசுச் சான்று என்று வரிசையாக அடுக்கினார்கள். அக்கா, தங்கை இருவரையும் பதிவு அலுவலகத்துக்கே அழைத்துவந்து கையெழுத்துப் போட வைத்தார் மகன். எங்கள் ஊர்ப்பக்கம் நிலம் வாங்குபவர்களின் முதல் பயமே பெண் மக்களின் பங்குதான். தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டது, 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சகோதரிகள் கையெழுத்து இல்லாமல் வாங்கிக் கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே அந்த இரண்டு கையெழுத்துகளும் விழுந்ததும் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. அதற்காகவே அவர்களை அழைத்துவந்தார்கள் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

பொய்யானது மனைப்பிரிவு வரைபடம். அதில் எழுதியிருந்த நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் உண்மையானது. வரைபடத்தின் ஜெராக்ஸில் மட்டும் 'பொது உபயோகம்' என்று இருந்த கட்டத்தை அழித்து, நடுவில் கோடு போட்டு, 43, 44 என்று இரண்டு மனைகளாக எண் கொடுத்திருந்தார்கள். அசல் மனைப்பிரிவு 42-உடன் முடிந்துவிடுகிறது.

வில்லங்கச் சான்றில் இது ஏன் தெரியவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய மனைப்பிரிவு போடுபவர் பூங்கா, விளையாட்டிடம் போன்றவற்றுக்கு இடம் விட வேண்டும். இன்றைய விதியில் அது 10 சதவீதம். அந்த இடத்தையும் சாலைகளையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் வரைபடத்தில் ஒதுக்கியதோடு சரி, தானப் பத்திரம் எழுதவே இல்லை. பட்டாவும் மாறவில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். எழுதாத பத்திரம் எப்படி வரும்? ஆக, காகிதத்தில் அந்த இடம் இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே சுத்தமாக நிற்கிறது. பிள்ளைகள் அதைத்தான் விற்கிறார்கள்.

தானப் பத்திரம் எழுதாவிட்டாலும் அவர்களுக்கு விற்கும் உரிமை வந்துவிடாது. வரைபடத்தில் பொதுவுக்கு ஒதுக்கிய பிறகு, உரிமை பெயரளவில் மனைப்பிரிவு போட்டவரிடமே இருந்தாலும் ஓர் அறங்காவலரைப் போலத்தான் அந்த இடத்தை அவர் வைத்திருக்க முடியும், வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது விற்றவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் வங்கிக் கடன் பேச்சு வந்ததும் குறுக்கே விழுந்தார். "கடன் என்றால் இழுத்துக்கொண்டே போகும் அண்ணா, கையில் இருக்கும் பணத்தில் முடித்தால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். வங்கியின் வக்கீல் அனுமதி வரைபடத்தின் அசலைக் கேட்டிருப்பார். எங்களுக்குச் சட்டக் கருத்து எழுதிக் கொடுத்த வக்கீலோ புரோக்கர் கூட்டிவந்தவர்; ஜெராக்ஸையே பார்த்து 'குறையற்ற உரிமை' என்று எழுதிவிட்டார்.

பதிவு அலுவலகம் எப்படிப் பதிந்தது என்பதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பத்திரம் பதிவாகிவிட்டால் அரசே உரிமைக்கு உத்தரவாதம் கொடுத்ததாக நம் மக்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளருக்கு விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் வேலை கிடையாது. தமிழகப் பதிவு விதிகளில் ஒன்றான 55-ஏ விதியின் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோதும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. நாம் கட்டும் 9 சதவீதம், அதாவது முத்திரைத் தீர்வை 5, கூடுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆவணம் பதிவானதற்கு மட்டும்தான். எங்கள் விஷயத்தில் அந்தப் பணமும் போனது போனதுதான்.

வேலி போட்ட பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து வயதான அம்மா ஒருவர் வந்தார். "கண்ணு, இது பார்க் இடம். உங்களிடம் யார் விற்றார்கள்?" என்று பதறிப்போய்க் கேட்டார். வீட்டுக்கு அழைத்துச் சென்று தன் கிரையப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், எழுதிய இடத்தில், தெற்கு எல்லை 'ரிசர்வ் சைட்' என்று இருந்தது. அதைத் தகப்பனாரே எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். மகனின் பொய்யை உடைக்கத் தகப்பனாரின் எழுத்தே போதும். அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் இப்போது எங்கள் வழக்கின் முக்கிய ஆவணம்.

வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் மனைக்கு மட்டும் வில்லங்கச் சான்று எடுத்தால் போதாது. சர்வே எண் முழுமைக்கும் எடுங்கள். மனைப்பிரிவு போட்ட காலத்திலிருந்து விற்ற ஒவ்வொரு மனையும் அதில் வரும். எல்லை விவரமும் வரும். உங்கள் மனைக்கு நான்கு பக்கமும் இருக்கும் மனைகளின் எல்லையைப் பாருங்கள். அங்கே உங்கள் மனை எண் இருக்க வேண்டும். பூங்கா, பொது இடம், இட்டேரி, வண்டித்தடம், வாய்க்கால் என்று எது இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அனுமதி வரைபடத்தை விற்பவரிடமோ புரோக்கரிடமோ வாங்காதீர்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ நீங்களே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் அம்மிணி" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். வாங்கிக்கொள்ளட்டும்.

விஷயம் வெளியே வந்ததும் அதே புரோக்கர், வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம், செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று தூது விட்டார். அதுவும் பொய். 2017 வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளுக்கானவை. அனுமதி பெற்ற மனைப்பிரிவின் பூங்கா இடத்துக்கு அவை பொருந்தாது. இப்படி நம்பி இரண்டாவது முறையும் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாநகராட்சி வேலியை எடுத்துவிட்டு அறிவிப்புப் பலகை வைத்துவிட்டது. அதில் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு உரிய இடம் அது. எங்கள் கோபம் விற்றவர் மீதுதான். காவல் நிலையத்தில் முதலில் இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்திய வரைபடத்தையும் அலுவலகம் கொடுத்த நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகே மோசடிப் பிரிவில் வழக்குப் பதிந்தார்கள். பணத்துக்குத் தனியாக உரிமையியல் வழக்குப் போட்டிருக்கிறோம். 'பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் எனது சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்' என்று பத்திரத்தில் வழக்கமாக எழுதும் வரியை யாரும் படிப்பதில்லை. எங்கள் வக்கீல் அதையும் வைத்துத்தான் வாதாடுகிறார். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து என்று வருடங்களைக் கடத்தாதீர்கள். மோசடி தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பணத்துக்கு வழக்குப் போட வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் அடுத்த தை, அடுத்த ஆடி என்று நாள் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

அந்தத் தகப்பனார் சத்தி சாலைப் பக்கம் வேறு மனைப்பிரிவுகளும் போட்டிருக்கிறார். அங்கே மூலை மனை ஒன்றைப் புரோக்கர் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். மூன்று பக்கம் சாலை, கடன் வேண்டாம், முழுப்பணமும் உடனே என்றால் விலை குறையும் என்று உங்களிடமும் யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து மனைக்காரரின் கதவைத் தட்டி, அவர் பத்திரத்தின் செக்குபந்தியைக் காட்டச் சொல்லுங்கள்.