நன்கொடை யாருக்குப் போகிறது? புரோபப்ளிகாவின் ‘நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்’: ஒரு விமர்சனம்

அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் அந்நாட்டு வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் படிவங்களைத் தேடிப் பார்க்கப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் தளம்தான் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர். காசு கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஒரு கம்பெனியின் நன்கொடை, தன்பாலீர்ப்பாளர்களையும் திருநரையும் ஒதுக்கி வைக்கும் அமைப்புகளுக்குப் போகிறதா என்று பார்க்க இதைவிட வசதியான இலவசக் கருவி இல்லை. ஆனால் இதில் தேடிக் கிடைக்கவில்லை என்பதற்காக, பணம் போகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சோதித்துப் பார்க்கச் சரியான ஆள் சிக்-ஃபில்-ஏ. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காத அட்லாண்டா கோழி சாண்ட்விச் கம்பெனி. கம்பெனியின் பெயரை அப்படியே போட்டுத் தேடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். கம்பெனி வரி கட்டும் வணிக நிறுவனம். அதற்குப் படிவம் 990 கிடையாது. தேட வேண்டியது அறக்கட்டளையை. இங்கே இரண்டு இருக்கின்றன: சிக்-ஃபில்-ஏ ஃபவுண்டேஷன் ஒன்று, நிறுவனர் ட்ரூட் கேதி 1984-இல் தொடங்கிய வின்ஷேப் ஃபவுண்டேஷன் இன்னொன்று. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அமைப்பின் பக்கத்தில் ஆண்டுவாரியாகப் படிவங்கள் அடுக்கியிருக்கும். மேலே பெரிய எழுத்தில் தெரியும் வரவு செலவு மொத்தத்தை வைத்து நமக்கு ஒன்றும் ஆகாது. படிவத்தைத் திறந்து ஷெட்யூல் ஐ என்ற இணைப்புக்குப் போக வேண்டும். பெறுநரின் பெயர், முகவரி, வரி அடையாள எண், தொகை, நோக்கம் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். உள்நாட்டு அமைப்புகளுக்கு 5,000 டாலருக்கு மேல் கொடுத்திருந்தால் காட்டியே ஆக வேண்டும். தனியார் அறக்கட்டளைகள் 990-பிஎஃப் என்ற வேறு படிவம் தருகின்றன; அதில் இந்த 5,000 வரம்பு இல்லை, எல்லா நன்கொடையும் வர வேண்டும். பழைய ஸ்கேன் பிடிஎஃப்களில் நன்கொடைப் பட்டியல் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘இணைப்பைப் பார்க்க’ என்று மட்டும் இருக்கும். சலிக்காமல் கடைசிப் பக்கங்கள் வரை புரட்ட வேண்டும்.

சிக்-ஃபில்-ஏ ஃபவுண்டேஷனின் 2017 கணக்கில் விளையாட்டு வீரர்களுக்கான கிறிஸ்தவ அமைப்பான ஃபெலோஷிப் ஆஃப் கிறிஸ்டியன் அத்லீட்ஸுக்கு ஏறத்தாழ 16.5 லட்சம் டாலர், கிறிஸ்தவத் தொண்டு அமைப்பான சால்வேஷன் ஆர்மிக்கு 1,50,000 டாலர், ஜார்ஜியாவில் உள்ள பால் ஆண்டர்சன் யூத் ஹோம் என்ற கிறிஸ்தவ இளைஞர் இல்லத்துக்கு 6,000 டாலர். 2019 மார்ச்சில் செய்தியாகிப் புயல் கிளப்பியது இந்த மூன்று வரிகள்தான். கம்பெனியின் பதில்: முதல் தொகை பிள்ளைகளின் கோடைக்கால விளையாட்டு முகாம்களுக்கு, இரண்டாவது ஏழைக் குழந்தைகளின் கிறிஸ்துமஸ் பரிசுகளுக்கு. அதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்சேபம் பணத்தின் நோக்கத்தின் மேல் அல்ல, வாங்குகிறவரின் விதியின் மேல். அத்லீட்ஸ் அமைப்பில் பொறுப்புக்கு வருகிறவர்கள் தன்பாலுறவை ஏற்காத ஒழுக்க அறிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும். சால்வேஷன் ஆர்மியோ, உதவி கேட்டு வரும் யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை என்று மறுக்கிறது. இந்த வாதம் எதையும் தளத்தில் தேடாதீர்கள். படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த அமைப்பின் வேலை விண்ணப்பத்தையும் கொள்கை அறிக்கையையும் தனியாகப் படிக்க வேண்டும். தளத்தின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் பாதி வேலை அதற்கு வெளியேதான்.

தொகை பெரியதா சிறியதா என்று பார்த்து வடிகட்டுவதும் ஏமாற்றும். 2010-இல் வின்ஷேப், எக்ஸோடஸ் இன்டர்நேஷனலுக்குக் கொடுத்தது வெறும் 1,000 டாலர். தன்பாலீர்ப்பை மாற்றிவிடலாம் என்று பிரசாரம் செய்து, 2013-இல் மன்னிப்புக் கேட்டு மூடிக்கொண்ட அமைப்பு அது. பட்டியலில் கண்ணில் படாமல் போகிற அளவு சின்னத் தொகை.

தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். டிசம்பரில் கணக்கு முடிக்கும் அமைப்பு மே 15-க்குள் படிவம் தர வேண்டும். கேட்டால் நவம்பர் 15 வரை நீட்டிப்பு உண்டு. அதற்குப் பிறகு ஐஆர்எஸ் வெளியிட்டால்தான் தளத்துக்கு வரும். சிக்-ஃபில்-ஏ 2019 நவம்பரில், இனிக் கல்வி, வீடற்றோர், பசி ஆகிய மூன்றுக்கே நன்கொடை என்று அறிவித்தது. அது நடந்ததா என்று 2020 கணக்கைப் பார்க்க, இந்தக் கெடுப்படி 2021 கடைசி வரைகூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுக் குழப்பம் வேறு: 2019 ஜூனில் முடியும் கணக்காண்டுக்கான படிவத்தின் தலையில் 2018 என்றுதான் அச்சாகியிருக்கும்.

தளத்தின் உண்மையான பலம் முழு உரைத் தேடல். கொடுத்தவரை விட்டுவிட்டு வாங்கியவரின் பெயரைப் போட்டால், யார் யார் படிவத்தில் எல்லாம் அது வருகிறது என்று கொட்டும். பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், ஒன்பது இலக்க வரி எண்ணை இடைக்கோடு இல்லாமல் போட்டும் தேடுங்கள். 990-பிஎஃப் படிவத்தில் பெறுநரின் எண் கேட்கப்படுவதில்லை. அங்கே பெயர்தான் கதி. மின்னணு முறையில் தாக்கலானவை மட்டுமே இந்தத் தேடலில் சிக்கும்.

இனி ஓட்டைகள். சர்ச்சுகள் படிவம் 990 தர வேண்டியதில்லை. சால்வேஷன் ஆர்மி அந்த விலக்கில் இருக்கிறது. பழமைவாதக் கிறிஸ்தவ அமைப்பான ‘ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி’, சர்ச் என்ற தகுதியை வாங்கிக்கொண்டது. அதே வகை அமைப்பான ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் 2020-இல் ‘சர்ச்சுகளின் சங்கம்’ ஆனது. அதோடு அவர்கள் கணக்கின் கதவு மூடிக்கொண்டது. இரண்டாவது, கொடையாளர் சொல்படி வழங்கும் நிதியங்கள். நேஷனல் கிறிஸ்டியன் ஃபவுண்டேஷன், ஃபிடெலிட்டி சாரிட்டபிள் போன்றவற்றின் படிவத்தில் பணம் எங்கே போனது என்று இருக்கும், யார் போட்ட பணம் என்று இருக்காது. கம்பெனி முதலாளிகள் சொந்தப் பணத்தை இந்த வழியில் அனுப்பினால் தடம் அங்கேயே அறுந்துவிடும். ஊழியர் நன்கொடைக்குச் சமமாகக் கம்பெனி போடும் பணமும் இடைத்தரகு அறக்கட்டளை வழியாகப் போனால் இதே கதிதான். மூன்றாவது ஓட்டை எல்லாவற்றையும்விடப் பெரிது: அறக்கட்டளையைத் தொடாமல் கம்பெனி தன் கல்லாவிலிருந்தே கொடுத்தால், பெயர் வாரியாகப் பட்டியல் வெளியிடும் பொதுவான கட்டாயம் அமெரிக்கச் சட்டத்தில் இல்லை.

மாற்று வேண்டுமென்றால் ஐஆர்எஸ்ஸின் சொந்தத் தேடல் தளம் இருக்கிறது; மூல ஆவணம் கிடைக்கும், தேடும் வசதி சுமார். கைட்ஸ்டாரை நடத்திவந்த கேண்டிட் என்ற அமைப்பின் தளத்தில் விவரம் அதிகம், ஆனால் கணக்குத் தொடங்கச் சொல்லும். புதிய ஆண்டின் படிவம் எங்குமே வரவில்லை என்றால் அந்த அமைப்புக்கே எழுதிக் கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை, எழுத்தில் கேட்டவருக்கு 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். தங்கள் இணையதளத்திலேயே போட்டிருந்தால் மட்டும் பிரதி தரத் தேவையில்லை.