கோட்டாவைப் பூஜ்யமாக்கிய கதை: எக்ஸ்பி தானியங்கி நிறுவலில் எஸ்எஃப்சி, ஒன்பது வருட அனுபவம்

2005இல் நான் பார்த்துக்கொண்ட கம்ப்யூட்டர் சென்டரில் 18 மெஷின்கள். பாதிக்கு 10 ஜிபி டிஸ்க்தான். அதில் சி டிரைவுக்கு ஒதுக்கியது 3 ஜிபி. விண்டோஸ் எக்ஸ்பி போட்டால் அதன் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிஎல்எல்கேஷ் என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் மட்டும் சில நூறு எம்பியை விழுங்கிவிடும். பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களின் நகல்கள் அங்கேதான் இருக்கும். ஏதாவது ஒரு புரோகிராம் அசலை மாற்றினால், விண்டோஸ் சத்தமில்லாமல் நகலை எடுத்துத் திரும்ப வைத்துவிடும். நல்ல ஏற்பாடுதான் (எஸ்எஃப்சி, அதாவது சிஸ்டம் ஃபைல் செக்கர், இதன் ஒரு பகுதி). ஆனால் எனக்கு அன்று கண்ணில் பட்டது வீணாகும் டிஸ்க் இடம் மட்டும்.

செட்டப் கேட்கும் கேள்விகளுக்கான பதில் ஃபைலான வின்என்டி.சிஃப்பை ஃப்ளாப்பியில் வைத்து, சிடியில் பூட் செய்து, தானாக ஓடவிடுவதுதான் என் பழக்கம். அந்த ஃபைலில் சிஸ்டம்ஃபைல்புரொடெக்‌ஷன் என்று ஒரு பகுதி எழுதலாம். அதில் கேஷுக்கு எத்தனை எம்பி என்று சொல்லும் எஸ்எஃப்சிகோட்டாவை 0 என்று போட்டேன். கேஷ் சுருங்கியது, சி டிரைவில் இடம் கிடைத்தது, எனக்கு ஏக சந்தோஷம்.

இரண்டு மாதம் தாங்கியது. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றை எல்லா மெஷினிலும் போட வேண்டி வந்தது. அதன் செட்டப், தன்னிடமிருந்த பழைய எம்எஃப்சி42.டிஎல்எல் என்ற சிஸ்டம் ஃபைலை சிஸ்டம்32இல் திணித்தது. கேஷில் நகல் இருந்திருந்தால் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். இல்லாததால், எக்ஸ்பி சிடியைப் போடச் சொல்லி ஒரு பெட்டி வந்து நின்றது. கேம் சிடி கொண்டுவந்து விளையாடுகிறார்கள் என்று ஆறு மெஷின்களில் சிடி டிரைவையே கழற்றி வைத்திருந்தேன்! கேபினட்டைத் திறந்து, ஒரே டிரைவை மெஷின் மெஷினாக மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அதிலும் இன்னொரு கூத்து. மெஷின்களில் இருந்தது சர்வீஸ் பேக் 2, கையில் இருந்த சிடி பழையது. சரியான சிடி இல்லை என்று அதையும் தள்ளிவிட்டது. அப்புறம்தான் சர்வீஸ் பேக்கின் அப்டேட்.எக்ஸ்இயை இன்டக்ரேட் சுவிட்சோடு ஓட்டி, சர்வீஸ் பேக் சேர்ந்த சிடி ஒன்றைத் தயாரித்தேன்.

அடுத்து சிடியில் நிறுவல் ஃபைல்கள் இருக்கும் ஐ386 ஃபோல்டரை டி டிரைவில் நகலெடுத்து, அந்த ஃபைல்களை எங்கே தேடுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் சோர்ஸ்பாத்தை ரெஜிஸ்ட்ரியில் மாற்றினேன். முதலில் முழுப் பாதையாக டி:\ஐ386 என்று கொடுத்துவிட்டேன். விண்டோஸ் அதற்குள் இன்னொரு ஐ386ஐத் தேடிக்கொண்டு, பழையபடி சிடி கேட்டது. வெறும் டி:\ என்று மாற்றியதும் சரியானது. பிறகு இந்த மாற்றத்தை ஒரு ரெஜ் ஃபைலாக்கி, முதல் லாகினில் கட்டளைகளை ஓட்டும் வின்என்டி.சிஃப்பின் கைரன்ஒன்ஸ் பகுதியிலிருந்து ரெஜ்எடிட்டால் ஏற்றும்படி செய்துவிட்டேன்.

கேஷையே வேறு டிரைவுக்கு மாற்ற எஸ்எஃப்சிடிஎல்எல்கேஷ்டிர் என்ற சாவியும் உண்டு. நான் அதைப் பயன்படுத்தவில்லை. எங்கள் டி டிரைவை ஒவ்வொரு பயிற்சி பேட்ச் முடிந்ததும் ஃபார்மட் செய்துவிடுவோம். கேஷும் சேர்ந்து போய்விடும். ஐ386 போனால் திரும்ப நகலெடுத்தால் போதும். 

80 ஜிபி டிஸ்க் வந்த மெஷின்களில் கோட்டாவை எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் என்று வைத்தேன், அதாவது முழுக் கேஷ். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சிறிய டிஸ்க் மெஷின்களில் ரெஜிஸ்ட்ரியின் வின்லாகன் சாவிக்குள் போய் கோட்டாவை 50 எம்பி ஆக்கப் பார்த்தேன். மதிப்பை அடிக்கும் பெட்டி ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) கேட்கிறது என்பதைக் கவனிக்காமல் 50 என்றே அடித்தேன். அது 80 எம்பி ஆகிவிட்டது. 50 வேண்டுமென்றால் 32 என்று அடிக்க வேண்டும். கோட்டாவை ஏற்றிய பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் கேஷ் நிரம்பும்.

2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றதும் விண்டோஸ் 7க்கு மாறினோம். அங்கே பதில் ஃபைலே எக்ஸ்எம்எல். சிஸ்டம் ஃபைல்களின் பாதுகாப்பை டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸ் சர்வீஸ் பார்த்துக்கொள்கிறது, கோட்டா என்ற பேச்சே இல்லை. பழைய இயந்திரத்தோடு இணைந்த எக்ஸ்பி மெஷின் ஒன்றை மட்டும் இன்னும் வைத்திருந்தோம். அதில் முழுக் கேஷ்தான், டி டிரைவில் ஐ386ம் உண்டு. ஒருமுறைகூட சிடி கேட்டதில்லை.