எதிர்பார்ப்பு மதிப்பா, மேக்ஸிமினா? ஒரே கணக்கு, வேறு வேறு விடைகள்

முதலீட்டு மதிப்பீட்டில் எதிர்பார்ப்பு மதிப்புக் கணக்கு வந்தால் பல மாணவர்கள் ஒவ்வொரு விளைவையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டி, விடை பிளஸ்ஸில் வந்ததும் ‘திட்டத்தை ஏற்கலாம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதையும் எழுத வேண்டும். அதற்குப் போட்டி முறைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி.

ஒரு நிறுவனம் இரண்டு இயந்திரங்களில் ஒன்றை வாங்கலாம், அல்லது வாங்காமலே விடலாம். இரண்டுக்கும் முதலீடு 50 லட்சம், ஆயுள் 3 ஆண்டு, தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதம்) 10%, ஆண்டுத்தொகைக் காரணி (ஆண்டுக்கு 1 ரூபாய் வீதம் மூன்று ஆண்டும் வந்தால் அதன் இன்றைய மதிப்பு) 2.487. சந்தையில் தேவை மந்தமாக இருக்க நிகழ்தகவு 0.3, சுமாராக இருக்க 0.5, அமோகமாக இருக்க 0.2. எந்த நிலை வந்தாலும் மூன்று ஆண்டும் அதுவே நீடிக்கும். ஆண்டு ரொக்க வரவு ‘அ’வுக்கு 10, 22, 35 லட்சம், ‘ஆ’வுக்கு 18, 21, 23 லட்சம். நிகர நிகழ்கால மதிப்பு (வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது), லட்சத்தில்:

| தேவை | அ | ஆ |
|---|---|---|
| மந்தம் | −25.13 | −5.23 |
| சுமார் | 4.71 | 2.23 |
| அமோகம் | 37.05 | 7.20 |
| எதிர்பார்ப்பு மதிப்பு | 2.23 | 0.98 |

‘அ’வின் சராசரி வரவு 21 லட்சம், அதை 2.487ஆல் பெருக்கி 50ஐக் கழித்தாலும் அதே 2.23 வரும். குறுக்குவழிதான், ஆனால் −25.13 அதில் கண்ணில் படாது. நேரம் இருந்தால் மூன்று நிலைக்கும் தனித்தனியாகப் போடுங்கள். மற்ற முறைகளுக்கும் அந்த எண்கள்தான் தேவை.

எதிர்பார்ப்பு மதிப்பின்படி ‘அ’. ஆனால் ‘அ’வை வாங்கினால் 2.23 லட்சம் எந்த நிலையிலும் கைக்கு வராத தொகை. இதுபோல நிறையத் திட்டங்களை எடுக்கும் பெரிய நிறுவனத்துக்கு ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டும், அங்கே இந்த முறை சரி. கடன் வாங்கி ஒரே இயந்திரம் போடுகிறவருக்கு 0.3 வாய்ப்பில் 25 லட்சம் போனால் தொழிலே படுத்துவிடும். திட்ட விலக்கமும் (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) இதையே காட்டுகிறது: ‘அ’வுக்கு 21.68, ‘ஆ’வுக்கு 4.48.

மேக்ஸிமின் ஒவ்வொரு தெரிவின் மோசமான நிலையை மட்டும் பார்த்து, அவற்றுள் மேலானதை எடுக்கும். அதனால் இங்கே ‘வாங்காதே’ என்றுதான் சொல்லும், பூஜ்யம் −5.23ஐவிட மேல். நஷ்ட வாய்ப்புள்ள எந்தத் திட்டத்தையும் தள்ளிவிடும் இந்த முறையை முதலீட்டு முடிவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மினிமேக்ஸ் ரிக்ரெட் இன்னும் நியாயமானது. அந்தந்த நிலையின் சிறந்த தெரிவை விட்டதால் இழக்கும் தொகைதான் ‘வருத்தம்’, அதன் உச்சம் எதில் குறைவோ அதை இது எடுக்கும்: அதிகபட்ச வருத்தம் ‘அ’வுக்கு 25.13, ‘ஆ’வுக்கு 29.84, வாங்காவிட்டால் 37.05. ஆக ‘அ’. ஆனால் இதுவும் நிகழ்தகவைத் தொடுவதே இல்லை, அமோகத்துக்கு 0.02தான் வாய்ப்பு என்றாலும் விடை மாறாது.

என் தேர்வு எதிர்பார்ப்பு மதிப்புதான், கூடவே ஓர் உணர்திறன் சோதனையோடு. மந்தத்தின் நிகழ்தகவை 0.36 ஆக்கி, சுமாரை 0.44 ஆகக் குறையுங்கள். ‘அ’ 0.44க்கு இறங்கும், ‘ஆ’ 0.54இல் நிற்கும். முடிவே புரண்டுவிட்டது! மந்தம் 0.375ஐத் தொட்டால் ‘அ’ ஏறக்குறையப் பூஜ்யம். 0.3 என்பது யாரோ ஒருவரின் மதிப்பீடு. அது 0.36 ஆக இருக்கவே முடியாது என்று எந்த விற்பனை மேலாளர் உறுதி சொல்வார்?

அப்புறம் சந்தை ஆய்வு. இன்ன நிலைதான் வரும் என்று முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்தால், மந்தத்தில் வாங்காமல் இருந்து மற்ற இரண்டிலும் ‘அ’வை எடுக்கலாம், எதிர்பார்ப்பு மதிப்பு 9.77 ஆகும். 2.23ஐக் கழித்தால் 7.54 லட்சம். ஆய்வுக்கு அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். நிஜ ஆய்வு எதுவும் அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பதால், அதைவிடக் கணிசமாகக் குறைத்தே பேச வேண்டும்.