38,500 ரூபாய் போச்சு: பழைய ரெப்பே படம் வாங்குறவங்க கவனிங்க

இப்பதான் படத்தை வித்தவனோட கடைசி பதில் வந்துச்சு. ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடறேன்.

ஹசீதிய யூத குருமார்களான ரெப்பேக்களோட பழைய அச்சுப் படங்களை ஆறு வருஷமா சேர்க்கிறேன். நம்ம வீட்டுல மகான்கள் படம் மாட்டுற மாதிரி அவங்க வீட்டுச் சுவத்துல ரெப்பே படம் இருக்கும். வெளிநாட்டு ஏலத் தளம் ஒண்ணுல 'பால் ஷெம் தோவ், வார்சா கல்லச்சு, 1880கள்'னு ஒரு படம் வந்துச்சு. கல்லச்சுன்னா கல்லுல வரைஞ்சு அதுல இருந்து அச்செடுக்கிறது. பால் ஷெம் தோவ்தான் ஹசீதிய வழியையே தொடங்கினவர், 1760ல மறைஞ்சவர்.

நான் கேட்கிறதுக்கு முன்னாடியே விக்கிறவன் எழுதினான்: "எல்லாரும் இது அவர்னு நினைக்கிறாங்க. உண்மையில இது லண்டன்ல இருந்த ஃபால்க். அவரையும் பால் ஷெம்னு கூப்பிட்டதால வந்த குழப்பம்." அது நிஜம்தான், நானும் படிச்சிருக்கேன். தன் சரக்கோட குறையைத் தானே சொல்றவன் ஏமாத்துவானான்னு நம்பிட்டேன். படத்துல இருக்கிறது யாருங்கிற உண்மையைச் சொல்லி, தாள் எந்தக் காலத்துதுன்னு கேட்கவே தோணாம பண்ணிட்டான். ரெண்டு வருஷம் மாசாமாசம் எடுத்து வெச்ச 38,500 ரூபாயை அனுப்பினேன்.

பிரிச்சதும் டீத்தூள் வாசனை, தாளைப் பழசாக் காட்ட டீயில நனைச்சிருக்கான். பூதக்கண்ணாடியைத் தாடி மேல வெச்சேன். கல்லச்சுன்னா கிரேயான்ல தேய்ச்ச மாதிரி ஒழுங்கில்லாத சொரசொரப்பு தெரியணும். தெரிஞ்சது நீலம், ரோஸ், மஞ்சள்னு வரிசை பிடிச்ச புள்ளிகள். இந்தக் காலத்து ஆஃப்செட் அச்சு! கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை அடிச்சா, கறை படாத ஓரம் பளீர்னு நீலமா ஒளிருது. பழைய தாள் அப்படி ஒளிராது.

கேட்டா, "ஈரத்துல அப்படி ஆயிருக்கும்"னான். அப்புறம், "போட்டோ பார்த்துத்தானே வாங்கினீங்க?" தளத்துக்கு எழுதினேன். வித்த நாள்ல இருந்து ஏழு நாளைக்குள்ள சொல்லணுமாம். பார்சல் வந்து சேரவே 23 நாள் ஆச்சு! நாலு மெயில் போட்டதுக்கு ஒரே பதில்: உங்கள் புகார் முடிக்கப்பட்டது. யார் முடிச்சாங்க? என் 38,500 ரூபாய் எங்க?

வாங்குறவங்களுக்கு விவரமா எழுதணும்னு உட்கார்ந்தேன், இப்ப முடியல. முகத்தை மிக நெருக்கத்துல எடுத்த போட்டோ கேளுங்க. புற ஊதா விளக்குல எடுத்ததும் கேளுங்க. தரலைன்னா விட்டுடுங்க. திருப்பித் தர்ற கெடு பார்சல் கைக்கு வந்த நாள்ல இருந்துதான்னு எழுத்துல வாங்காம ஒரு பைசா அனுப்பாதீங்க.

அதே படம் இன்னிக்குக் காலையில மறுபடியும் ஏலத்துக்கு வந்திருக்கு. வலது மூலையில இருக்கிற கறைகூட அதேதான். என்கிட்ட இருக்கிற தாள் இன்னும் என் மேசை மேலதான் கிடக்கு.