மிதித்த பின்னும் மிஞ்சும் விசுவாசம்: 'சைலன்ஸ்' நாவலும் திரைப்படமும்

பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் ஒருவர் கிறிஸ்தவரா இல்லையா என்று கண்டறிய அதிகாரிகள் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். இயேசுவின் உருவமோ மாதாவின் உருவமோ பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, அதை மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தவர் வீடு திரும்பலாம். நாகசாகியில் அத்தகைய ஒரு தகட்டில் கால்விரல்களின் கருந்தடம் பதிந்திருந்ததைப் பார்த்த ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாகு எண்டோவால் அதை மறக்க முடியவில்லை. மறுத்து மாண்டவர்களை வேதசாட்சிகள் என்று திருச்சபை போற்றுகிறது. மிதித்தவர்களுக்கு மீட்பு உண்டா என்ற கேள்வியைத்தான் 1966-இல் வெளிவந்த அவருடைய நாவல் கையில் எடுத்தது. வில்லியம் ஜான்ஸ்டன் என்ற இயேசு சபைக் குருவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதை வாசித்துவிட்டு, மார்ட்டின் ஸ்கோர்செசி 2016-இல் எடுத்த படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

கதையின் வேர் வரலாற்றில் இருக்கிறது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய அதே சவேரியார்தான் 1549-இல் ஜப்பானுக்கு மறையைக் கொண்டுசென்றார். 1614-இல் நாடெங்கும் தடை வந்தது. 1633-இல், மலக்குழியின் மேல் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஃபெரெய்ரா என்ற மூத்த குரு விசுவாசத்தை மறுதலித்தார். அந்தச் செய்தியை நம்ப மறுத்து, ஆசானைத் தேடி இரகசியமாக ஜப்பானுக்குள் நுழையும் இரண்டு இளம் போர்ச்சுக்கீசியக் குருக்களில் ஒருவரான ரோட்ரிக்ஸின் கதையே இது.

நாவலின் வலிமை அதன் வடிவத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. முற்பகுதி ரோட்ரிக்ஸ் எழுதும் கடிதங்களாக நகர்கிறது. தன்னுடைய வீரத்தை அவர் சற்றே இரசிப்பதுகூட அந்தக் கடிதங்களில் தெரிகிறது. பின்னர் 'நான்' மறைந்து, ஆசிரியரின் குரலில் 'அவர்' ஆகிறார். இறுதியில், ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்டு, ஓர் அலுவலரின் வறண்ட நாட்குறிப்பில் வந்துபோகும் பதிவாகச் சுருங்கிவிடுகிறார். ஒரு மனிதனின் பெயரும் குரலும் பறிக்கப்படுவதை வெளிப்படையாகச் சொல்லாமல், பக்கங்களின் அமைப்பாலேயே உணர்த்தும் எழுத்து இது. அந்தக் கடைசிப் பக்கங்கள் சலிப்பூட்டுகின்றன என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் பாதி நாவல் போய்விடும்.

ஆயினும் நூலின் உயிர் ரோட்ரிக்ஸ் அல்ல, கிச்சிஜிரோ. தன் குடும்பம் முழுவதும் விசுவாசத்துக்காக மாண்டபோது மிதித்து உயிர்தப்பிய இந்தக் குடிகாரன், மீண்டும் மீண்டும் மிதிக்கிறான், குருவையே காட்டிக்கொடுக்கிறான். அவர் தலைக்கு அறிவிக்கப்பட்ட விலை முந்நூறு வெள்ளிக்காசுகள். யூதாசுக்குக் கிடைத்ததோ வெறும் முப்பது. ஆனால் யூதாசைப் போல அவன் போய்விடுவதில்லை. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பிறகும் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற, ஓடிவருகிறான், அருவருப்போடு முகம் திருப்பும் குருவிடமே மண்டியிடுகிறான். ஏழெழுபது தரமட்டும் மன்னிக்க வேண்டும் என்ற வசனத்தைப் படித்தவர் குருவானவர். அதை உண்மை என்று நம்பி நடப்பவன் இவன். தன்னைப் போன்ற பலவீனன் துன்புறுத்தல் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் நல்ல கிறிஸ்தவனாகவே வாழ்ந்து மடிந்திருப்பான் என்று அவன் அழும் இடத்தில், நான் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

ரோட்ரிக்ஸ் வீழும் இடம் அனைவரும் பேசுவது. அவர் மிதித்தால்தான் குழியில் தொங்கும் குடியானவர்கள் காப்பாற்றப்படுவார்கள். அதுவரை மௌனமாக இருந்த கிறிஸ்து, தகட்டிலிருந்து மிதிக்கச் சொல்கிறார். தொலைவில் சேவல் கூவுகிறது. இயேசுவைத் தெரியாதென்று பேதுரு மறுதலித்தபோது சேவல் கூவியதை அறிந்தவருக்கு அந்தக் கூவலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னரே கிச்சிஜிரோவும் தானும் ஒரே தரத்தவர் என்று குரு உணர்கிறார், அவனுடைய பாவசங்கீர்த்தனத்தை வெறுப்பின்றிக் கேட்கிறார்.

161 நிமிடப் படம் நாவலுக்கு வியக்கத்தக்க அளவு விசுவாசமாக இருக்கிறது. தைவானில் படமாக்கப்பட்ட மூடுபனி மலைகளும், இசையைப் பெரும்பாலும் விலக்கிவிட்டுப் பூச்சிகளின் இரைச்சலையும் அலையோசையையும் நிரப்பியிருக்கும் ஒலியமைப்பும் மௌனத்தைக் கேட்கவைக்கின்றன. விசாரணை அதிகாரி இனோவேயாக வரும் இஸ்ஸே ஒகாட்டா, விசிறியோடும் புன்னகையோடும் பேசும் காட்சிகள் சித்திரவதைக் காட்சிகளைவிட அச்சுறுத்துகின்றன. கிச்சிஜிரோவாக நடித்த யோசுகே குபோசுகாவும் குறை வைக்கவில்லை. போர்ச்சுக்கீசியக் குருக்கள் ஆங்கிலம் பேசுவதை ஏற்றுக்கொள்ளலாம். அந்த உச்சரிப்பு காட்சிக்குக் காட்சி மாறுவதுதான் உறுத்துகிறது.

என்னுடைய பெரிய மனத்தாங்கல் கடைசிக் காட்சியில். தகனம் செய்யப்படும் ரோட்ரிக்ஸின் உள்ளங்கையில், மோகிச்சி என்ற குடியானவர் செதுக்கித் தந்த சிறு சிலுவை இருப்பதை ஸ்கோர்செசி காட்டிவிடுகிறார். நாவலில் இது இல்லை. அந்த மனிதர் உள்ளூர விசுவாசியாகவே இருந்தார் என்று உறுதியளித்து நம்மை வீட்டுக்கு அனுப்பும் இந்தக் கருணை, இரண்டரை மணி நேரம் நம்மை நிச்சயமின்மையில் நிறுத்தி வைத்த படத்துக்குப் பொருந்தவில்லை. நண்பர் ஒருவர் அந்தக் காட்சிக்காகவே படத்தை மும்முறை பார்த்ததாகச் சொல்கிறார். எங்கள் வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.

வாங்க நினைப்பவர்கள் நாவலை முதலில் வாசிப்பது நல்லது. படத்தில் சித்திரவதை நீண்ட நேரம் காட்டப்படுவதால் சிறுவர்களோடு பார்க்க ஏற்றதல்ல. பங்குக் கோவில்களில் இளையோருக்குத் திரையிட எண்ணுபவர்கள் முன்கூட்டியே முழுவதும் பார்த்துவிட வேண்டும். நாவலின் இறுதி நாட்குறிப்பை அவசரமின்றிப் படியுங்கள். கிச்சிஜிரோவின் கழுத்தில் தொங்கிய சிறு பையிலிருந்து ஒரு புனிதப் படம் கண்டெடுக்கப்படும் செய்தி, அலுவலகக் குறிப்புகளுக்கு நடுவே எந்த அழுத்தமுமின்றி ஒளிந்திருக்கிறது.