பானட்டில் வெட்டுப் போடுவதற்கு முன்: டாட்சன் 240இசட் காரைக் குளிர்விக்கும் நான்கு வழிகள்

நிசானின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான டாட்சன் 240இசட் சூடாகிறது என்றதும் எல்லோர் கண்ணும் பானட் மேல்தான் போகிறது. பின்விளிம்புக்கு அடியில் வாஷர் கொடுத்துத் தூக்கலாமா, பின்னால் வந்த 280இசட்டின் துளை வைத்த பானட்டை மாட்டலாமா, லூவர் (தகட்டில் செதில்போல் எழுப்பிய காற்றுத் திறப்பு) அடிக்கலாமா என்று மூன்று யோசனைகள் வரும். நான்காவதாக ஒன்று உண்டு: ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் சந்துகளை அடைப்பது. வேலை முடிந்த பிறகு வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் யாரும் அதை ஆசைப்பட்டுச் செய்வதில்லை. ஆனால் எங்கள் கணிப்பில் முதலிடம் அதற்குத்தான்.

ஒப்பிடுவதற்கு முன் உங்கள் வண்டி எப்போது சூடாகிறது என்று பிரித்துப் பாருங்கள். நெரிசலில் நின்றால் வெப்பநிலை முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை ஃபேனிலோ, அதைச் சுற்றிய கூடான ஷ்ரவுடிலோ இருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வரை சரியாக இருந்து 100-ஐத் தாண்டியதும் ஏறினால், காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகிறது, அல்லது உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. ரேடியேட்டர் குழாய் அடைப்பும், அதிக சுழற்சியில் கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாவதும் இதே அறிகுறியைத் தரும். அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். மூன்றாவது வகையில் முள் நடுவிலேயே நிற்கும். பெட்ரோல் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மட்டும் வண்டி திணறும், ஐடில் நிற்காது. அது தண்ணீர் சூடல்ல, கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிப்பது. 240இசட்டின் எல்24 எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர்களுக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. எஞ்சினை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும், மேனிஃபோல்டின் சூடு முழுக்க மேலே ஏறும்.

டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாகப் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது என்றால் 85 முதல் 95 வரை நிற்பதில் பயமில்லை. ரேடியேட்டரின் 0.9 கிலோ அழுத்த மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். சூடாகிறதே என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நோயை விட்டு வெப்பமானியை உடைப்பது போன்றது.

அழுத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று மோதும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். தண்ணீர் உயரத்தில் சொன்னால் வெறும் 47 மி.மீ. 60 கி.மீ. வேகத்தில் அது 17 மி.மீ. ஆகிவிடும். ரேடியேட்டர் வழியாகக் காற்றைத் தள்ள நம்மிடம் இருக்கும் மூலதனம் இவ்வளவுதான். அதனால்தான் விரல் நுழையும் சந்துகூடக் கணக்கில் வருகிறது.

மூக்கில் மோதும் காற்று முன்விளிம்பில் வளைந்து பானட் மேல் ஏறும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். இசட்டின் நீண்ட பானட்டில் இந்த உறிஞ்சல் முன் மூன்றில் ஒரு பங்கில்தான் பலமாக இருக்கும். பின்னால் போகப் போக அது தேய்ந்து, முன்கண்ணாடியின் அடியில் காற்று மறுபடி முட்டி அழுத்தம் ஏறிவிடும். பானட் முழுக்க 8 செ.மீ. கம்பளி நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டி ஓட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: முன்பகுதி நூல்கள் தகட்டோடு படிந்து நேராகக் கிடக்கும், கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் உள்ளவை நிலைகொள்ளாமல் எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, சில முன்னோக்கியும் புரளும். ஆனால் நூல் திசையைச் சொல்லுமே தவிர அழுத்தத்தைச் சொல்லாது. அளப்பதற்கு வழி பின்னால் வருகிறது.

பின்விளிம்பைத் தூக்குவது

செலவு மிகக் குறைவு. 10 முதல் 15 மி.மீ. ஸ்பேசர், அரை மணி நேர வேலை. நின்ற இடத்தில் பயனும் உண்டு: சூடான காற்று இயல்பாக மேலேறி அந்தச் சந்து வழியாகப் போகும், கார்புரேட்டர் கொதிப்பு சற்றுக் குறையும்.

வேகத்தில் கதை தலைகீழ். தூக்கிய இடம் அழுத்தம் கூடிய இடம். ஷெவ்ரோலே 1969 கமாரோவுக்குக் கொடுத்த கவ்ல் இன்டக்‌ஷன் பானட் எஞ்சினுக்குக் காற்றை இழுத்தது இதே கண்ணாடி அடியிலிருந்துதான். காற்றை உள்ளே எடுக்கப் பயன்படும் வாயிலில் சூட்டை வெளியே விட நினைப்பது பொருந்தாது. உள்ளே புகும் காற்று எஞ்சின் அறையின் அழுத்தத்தை உயர்த்தும், ரேடியேட்டரின் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் சுருங்கும், நெடுஞ்சாலையில் முள் முன்பைவிட ஏறும். மெதுவாகப் போகும்போது எஞ்சின் அறையின் எண்ணெய் வாடையும் எக்ஸாஸ்ட் கசிவும் கண்ணாடி அடியிலுள்ள கவ்ல் கிரில் வழியாகக் கேபினுக்குள் வரும்.

இசட்டில் இன்னொரு சிக்கல். அதன் பானட் முன்னால் கீலிட்டது. பூட்டு பின்னால், கண்ணாடிப் பக்கம். தூக்குகிற ஒவ்வொரு மி.மீட்டரும் பூட்டுக் கொக்கியின் பிடியைக் குறைக்கும். இந்த வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

280இசட்டின் துளை வைத்த பானட்

நிசான் 1977, 78 மாடல் 280இசட்டுகளில் பானட்டிலேயே இரண்டு பக்கமும் காற்றுத் துளைகள் கொடுத்தது. பழைய 240-இலும் இந்தப் பானட் ஏறும். கீல், விளிம்பு இடைவெளிகளைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். தகட்டை வெட்ட வேண்டாம், பழைய பானட் பத்திரமாக இருக்கும், நாளை வண்டியை விற்கும்போது திருப்பி மாட்டலாம் என்பது இதன் பெரிய பலம்.

நிறுத்திய பிறகு ஏறும் சூட்டுக்கு இது நல்ல மருந்து. எஞ்சினுக்கு மேலேயே வழி இருப்பதால் சூடு தேங்காது. ஆனால் துளைகளின் திறந்த பரப்பு குறைவு. வேகத்தில் தண்ணீர் சூட்டைப் பெரிதாக இறக்கும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். மழைத் தண்ணீரும் உள்ளே சொட்டும். எல் வரிசை எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் வலப்பக்கம் முன்னால் நிற்கிறது. அதன் மூடியின் ரப்பர் உறைகள் வெடித்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள்.

லூவர்

சரியான இடத்தில் அடித்தால் வேகத்தில் இதற்கு இணையில்லை. தவறான இடத்தில் அடித்தால் திருத்தவே முடியாது. இடம் முன் மூன்றில் ஒரு பங்கு, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால். வாய் பின்னோக்கி இருக்க வேண்டும். 100 மி.மீ. நீளம், 8 மி.மீ. திறப்பு உள்ள ஒரு லூவரின் பரப்பு 8 சதுர செ.மீ. பக்கத்துக்குப் பத்து வீதம் இருபது அடித்தால் 160 சதுர செ.மீ. 50-க்கு 36 செ.மீ. ரேடியேட்டர் கோர் (காற்று புகும் குழாய்-தகட்டு அடுக்கு) என்றால் 1800 சதுர செ.மீ. பரப்பு, அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதிக் காற்று வழக்கம்போல் எஞ்சினுக்கு அடியில்தான் போயாக வேண்டும். 35 டிகிரியில் நுழைந்து 75 டிகிரியில் வெளியேறும் காற்றின் கன அளவு சுமார் 13 சதவீதம் பெருகியிருக்கும். வெளிவழி நுழைவழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அடிக்கும்போது கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, உள்சட்டத்தின் விலா எலும்புகளை வெட்டிவிடுவது. பிறகு பானட் வேகத்தில் படபடக்கும். இரண்டு, வரிசைகளை நெருக்கமாக வைத்துத் தகடு தொய்வது, 35 மி.மீ. இடைவெளி பாதுகாப்பானது. மூன்று, உள்மடிப்பில் பெயின்ட் படாமல் விட்டுத் துரு ஏறுவது. அசல் பானட்டில் கைவைக்காமல், அடிபட்டு ஓரங்கட்டிய இன்னொன்றைத் தேடி அதில் அடியுங்கள்.

லூவர் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களுக்கு ஜாகுவார் இ-டைப் நல்ல பாடம். அதன் பானட்டில் தொடக்கத்திலிருந்தே வரிசையாக லூவர்கள் உண்டு, முன்வாய் சிறியது. நெரிசலில் சூடாகும் புகார் தீரவில்லை. 1968-இல் வந்த இரண்டாம் வரிசையில் ஜாகுவார் வாயைப் பெரிதாக்கி, இரண்டு மின் ஃபேன்களை வைத்தது. உள்ளே போதிய காற்று வராதபோது வெளிவழியை அழகுபடுத்திப் பயனில்லை.

சந்தடைப்பும் ஷ்ரவுடும்

கிரில்லுக்குள் கைவிட்டு ரேடியேட்டரைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பக்கங்களில், மேலே, கீழே எங்கெல்லாம் விரல் நுழைகிறதோ அங்கெல்லாம் காற்று கோரைத் தவிர்த்துப் போகிறது. தகடு நெருக்கமாக அடுக்கிய கோரைவிட அந்தச் சந்து அதற்கு எளிய வழி. நின்றிருக்கும்போது அதே சந்து வழியாக எஞ்சின் அறையின் சூடான காற்று முன்னால் சுற்றிவந்து மறுபடி ஃபேனுக்குள் போகும்.

தேவைப்படுவது 1 மி.மீ. அலுமினியத் தகடு, 10 மி.மீ. தடிமன் மூடிய துளை ஃபோம், ரிவெட். முதலில் அட்டையில் வெட்டி ஒத்துப் பாருங்கள். கிரில்லுக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் நடுவே மேலே ஒரு தகடு, இரு பக்கமும் ஒவ்வொன்று, மூக்குக்கு அடியில் ஒன்று. பல வண்டிகளில் அந்த அடித்தகடு கழன்றுபோய் வருடங்கள் ஆகியிருக்கும். தகட்டின் விளிம்பு கோரைத் தொடாமல் 5 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியை ஃபோமால் நிரப்புங்கள். தகடு நேரே உரசினால் அதிர்வில் குழாய் ஓட்டையாகும். சாதாரண மெத்தை ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துத் துருவை வளர்க்கும், வேண்டாம்.

ஷ்ரவுட் இல்லாத எஞ்சின் ஃபேன் கோரின் நடுவட்டத்தில் மட்டும் இழுக்கும். இறக்கை பாதி ஷ்ரவுடுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்க வேண்டும். எஞ்சின் ஆடும் என்பதால் நுனியில் 15 முதல் 20 மி.மீ. இடம் விடுங்கள். எஞ்சின் மவுன்ட் செத்திருந்தால் அந்த இடமும் போதாது, ஃபேன் ஷ்ரவுடைக் கிழிக்கும். திரவத்தின் மூலம் ஃபேனைச் சுழற்றும் விஸ்கஸ் கிளட்ச் உள்ள வண்டியில், சூடாக ஓட்டி எஞ்சினை அணைத்த பிறகு ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. மின் ஃபேனுக்கு மாறுவதானால் 240-இன் பழைய ஆல்டர்னேட்டர் 50 ஆம்பியருக்கு மேல் தராது என்பதை மனதில் வையுங்கள். 20 ஆம்பியர் இழுக்கும் ஃபேனை ரிலே, ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேராக இழுக்காவிட்டால் உள்வயரிங் உருகும்.

இதோடு முன்னால் ஒரு தாழ்ந்த காற்றுத் தடுப்பும் சேர்ந்தால் வேகத்தில் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். வண்டிக்கு அடியில் ஓடும் காற்றை அது குறைக்கும், எஞ்சினுக்கு அடியில் அழுத்தம் இறங்கும், ரேடியேட்டர் வழியாக வந்த காற்று கீழே உறிஞ்சப்படும். 1970, 71-இல் அமெரிக்காவின் எஸ்சிசிஏ கார் பந்தய அமைப்பின் சி-புரொடக்‌ஷன் பட்டத்தை வென்ற பிஆர்இ அணியின் 240இசட்டுகளிலும் முன்மூக்கின் கீழே ஸ்பாய்லர் இருந்தது. முன்சக்கரங்கள் வேகத்தில் லேசாவது இசட்டின் பிறவிக் குணம். அதுவும் இதனால் குறையும்.

அளந்த பிறகு வெட்டுங்கள்

லூவர்தான் வேண்டும் என்று முடிவானால், 5 மி.மீ. உள்விட்டமுள்ள தெளிவான குழாயை யு வடிவில் ஓர் அட்டையில் கட்டி, பாதிக்கு வண்ணத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை 70 மி.மீ. அகல மெல்லிய பிளாஸ்டிக் வட்டின் நடுத்துளையில் சேர்த்து, துளை மேல்நோக்க, லூவர் வரப்போகும் இடத்தில் ஒட்டுங்கள். மறு முனை அதே இடத்துக்கு நேர் கீழே எஞ்சின் அறையில், ஃபேன் காற்று நேராகப் படாமல். பாதுகாப்பான காலிச் சாலையில் சீராக 80 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள்; பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். எஞ்சின் அறையோடு சேர்ந்த குழாயில் தண்ணீர் இறங்கினால் அங்கே வெட்டினால் காற்று வெளியேறும். ஏறினால் உள்ளே புகும். வட்டை 10 செ.மீ. வீதம் பின்னால் நகர்த்தி அளந்தால் எங்கே மாறுகிறது என்று தெரிந்துவிடும். சந்துகளை அடைத்த பிறகு இதைச் செய்யுங்கள். அடைப்பதற்கு முன்னால் எடுத்த எண்கள் செல்லாது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே சாலையில், அதே வேகத்தில், இருபது நிமிடம் ஓட்டித் தண்ணீர் சூட்டைக் குறித்து, அதிலிருந்து வெளி வெப்பநிலையைக் கழியுங்கள். 38 டிகிரி நாளில் 98 என்றால் வித்தியாசம் 60. 30 டிகிரி நாளில் 92 என்றால் 62. முள் இறங்கியிருக்கிறது, குளிர்ச்சி கூடவில்லை. எண் தெர்மோஸ்டாட் அளவை ஒட்டியே நின்றால் இந்தக் கழித்தல் எதையும் காட்டாது. தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்திருக்கும் சூட்டில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.